ஐஸ் பெட்டிக்கு ஒரு சட்டம்

எங்கள் ஊரில் பிறந்து பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்தவர் ஒருவர் இருக்கிறார். சொல்தா என்றுதான் எல்லோரும் சொல்வோம். அவர் தன் அம்மா நினைவாக, செத்தவர்களைக் கிடத்தி வைக்கும் ஐஸ் பெட்டி ஒன்றை ஊருக்கு வாங்கிக் கொடுத்தார். வாடகை கிடையாது.

"யாருக்கு எப்பிடிக் குடுக்குறதுன்னு நீங்களே கூடிப் பேசிக்குங்க. நான் நடுவுல வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் புதுச்சேரிக்குப் போய்விட்டார்.

யாரும் கூடவில்லை. கூடினால் காலனிக்கும் கொடுப்பதா என்ற பேச்சு வரும். அதைத் தொடாமல் இருக்கவே எல்லோரும் பார்த்தார்கள். பஞ்சாயத்துத் தேர்தல் நடந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. போய்க் கேட்க ஒரு மெம்பர்கூடக் கிடையாது. பெட்டியைப் பால் சொசைட்டி கொட்டகையில் வைத்துப் பூட்டி, பக்கத்து வீடு என்று சாவியை என்னிடம் கொடுத்தார்கள். நான் வம்புக்குப் போகாதவள், அதிகம் பேசாதவள் என்பதும் ஒரு காரணம்.

ஊர்த்தெருவில் இரண்டு சாவுக்குப் பெட்டி போய்வந்தது. பிறகு சித்திரை வெயிலில் ஒருநாள், பதினோரு மணி இருக்கும், காலனியிலிருந்து கொத்தனாரின் மருமகள் ஓடிவந்தாள். என் வீட்டுச் சுவர் அந்தக் கொத்தனார் எழுப்பியதுதான்.

"அம்மா, மாமா பூட்டாரும்மா. எங்க வூட்டுக்காரரு சிங்கப்பூர்லேர்ந்து வர ரெண்டு நாளாவுமாம். பெட்டி குடும்மா."

பெரியவர்களைக் கேட்டால் கொடுக்காதே என்பார்கள். கேட்காமல் கொடுத்தால் நாளைக்கு நான் தெருவில் நடக்க முடியாது. அவள் செருப்பில்லாமல் கொதிக்கிற மண்ணில் கால் மாற்றி மாற்றி நின்றாள். சாவியைக் கொடுத்துவிட்டேன். அப்புறம் இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் கூட்டம் போட்டார்கள். பள்ளிக்கூடம் என்பதால் காலனிக்காரர்களும் வந்திருந்தார்கள். நான் பெண்களுக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன்.

"இன்னாக்கா, யாரைக் கேட்டுக் குடுத்த? உன் வூட்டு அண்டாவா அது?" என்றார் கரும்பு போடுகிற பெரிய விவசாயி ஒருவர். சிலர் சிரித்தார்கள்.

"ஏன், எங்க வூட்டுப் பொணம் வெயில்ல நாறாதா?" என்றது காலனிப் பக்கமிருந்து ஒரு பெண்குரல்.

என்னை யாரோ முன்னால் தள்ளிவிட்டார்கள். "கேட்டாங்க. பெட்டி சும்மாத்தான் கெடந்துது. இல்லன்னு சொல்லத் தெரியல" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

யார் வீட்டில் முதலில் சாவோ அவர்களுக்கு முதலில், ஊர் காலனி என்று பார்க்கக் கூடாது, சம்மதம் என்கிறவர்கள் கை தூக்குங்கள் என்றார் பள்ளிக்கூட வாத்தியார்.

"பொம்பளைங்க கையும் சேத்தியா?" என்று ஒருவர் கேட்டார்.

"ஏம்பா, அந்தப் பெட்டியில ஆம்பளை மட்டுந்தான் படுப்பானா?" என்றாள் என் ஓரகத்தி. கூட்டமே சிரித்தது. தூக்கிய கைகள்தான் அதிகம். விவசாயி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார். அதன் பிறகு ரேஷன் கடையில் அவர் வீட்டார் என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பினார்கள்.

ஆடியில் அவருடைய அண்ணன் செத்துப்போனார். பெட்டியோ காலனியில் வேறொரு சாவுக்குப் போயிருந்தது. டிராக்டரில் நாலு பேரோடு விவசாயி என் வாசலில் வந்து இறங்கினார்.

"பெட்டி எங்க?"

"காலனியில. நாளைக்குக் காலையிலதான் எடுக்குறாங்க."

இவர் போய்த் தூக்கிவந்தால் யார் தடுப்பது? அன்றைக்குத் தூக்கிய கைக்கெல்லாம் அப்புறம் என்ன மதிப்பு?

"போய் எடுத்தாந்துடலாமா?" என்றான் டிராக்டர்க்காரன்.

அவர் வெகுநேரம் காலனிப் பக்கம் பார்த்தார். "வாய மூடுறா. கை தூக்கி முடிவு பண்ணிட்டாங்கல்ல. வில்லியனூர்ல ஐஸ் பார் கெடைக்குதா பாரு, போ" என்றார். என்னை முறைத்துவிட்டு ஏறிப் போனார்.

மத்தியானம் துக்கத்துக்குப் போனேன். போகாமல் இருப்பதற்கும் பயம், போவதற்கும் பயம். உமி கொட்டிய ஐஸ் கட்டிகள் கரைந்து பந்தலுக்கு வெளியே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. என்ன சொல்வார்களோ என்று ஓரமாகவே நின்றேன். அவர்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"நிக்காத, உக்காருக்கா" என்றார்.