சுரங்கத்துக்கு மேலே நடந்த அக்கா

பொத்தான்கள் தேய்ந்த பழைய கைத்தொலைபேசி ஒன்று என் சமையலறை ஜன்னலோரத்தில் எப்போதும் சார்ஜில் கிடக்கிறது. இதை அருங்காட்சியகத்துக்குக் கொடுங்கோ என்று மகள் கேலி செய்வாள். அது அக்காவுடையது. கூடப்பிறந்த அக்கா இல்லை. லண்டன் நோர்பரியில் நாங்கள் வேலை செய்த பலசரக்குக் கடையில் முதலாவது கல்லாவில் இருந்தவர். நான் இரண்டாவதில். ஒரு கையால் சாமானை எடுத்துக் கணக்குப் போடுவார், மறு கை அடிக்கொருதரம் தொலைபேசியைத் தொட்டுப் பார்க்கும். 2009 வைகாசியில் ஊரில் போர் முடிந்தபோது வன்னியில் இருந்த அவருடைய தம்பியிடமிருந்து செய்தி வருவது நின்றுவிட்டது. முகாமில் கண்டதாக ஒருவர் சொன்னார், இல்லை என்றார் இன்னொருவர். “அவனுக்குப் பாடமாத் தெரிஞ்ச நம்பர் இது ஒண்டுதான், பிள்ளை,” என்பார் அக்கா.

அந்தக் கோடையில் நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே வேலை செய்துகொண்டிருந்தோம். பார்த்துப் பொறுக்க முடியாமலோ என்னவோ, நத்தார் பண்டிகைக்குக்கூடப் பூட்டாத கடையை முதலாளி ஒரு ஞாயிற்றுக்கிழமை பூட்டினார். கம்டன் பக்கம் கால்வாயில் நீளமான ஒடுங்கிய படகொன்றைப் படகோட்டியோடு எல்லோருக்குமாக வாடகைக்குப் பிடித்திருந்தார். “தண்ணிக்க சிக்னல் இருக்குமோ?” என்று கேட்டு, இருக்கும் என்று நான் சொன்ன பிறகுதான் அக்கா ஏறினார். ஒரு காலத்தில் நிலக்கரியும் மரமும் போன வழி அது. இரண்டு கரையிலும் பழைய செங்கல் பண்டகசாலைகள், இடையிடையே தண்ணீரைத் தேக்கி வடித்துப் படகைக் கீழே இறக்குகிற பெரிய மரக் கதவுகள். நாங்கள் முதுகைக் கொடுத்துத் தள்ளித் திறந்தோம். சுக்கானை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் போகும். முதலாளி ஆசைக்கு அதை வாங்கிப் பிடித்த கையோடு கரையில் கொண்டுபோய் மோதிவிட்டு, “என்ர மனுசி மாதிரி, சொன்னதுக்கு எதிர்ப்பக்கம்தான் போகுது,” என்றார். அவருடைய மனைவி அவர் தட்டிலிருந்த ரோல்ஸை எடுத்துத் தானே சாப்பிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு நாங்கள் வாய்விட்டுச் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். தொலைபேசி மட்டும் கையை விட்டு இறங்கவில்லை.

இஸ்லிங்டனில், மேட்டுக்கு அடியால் கால்வாய் போகிற சுரங்கம் வந்தது. உள்ளே கும்மிருட்டு, கடக்க இருபது நிமிடம் என்றார் வெள்ளைக்காரப் படகோட்டி. அதற்குள் தொலைபேசி வேலை செய்யுமா என்று அக்கா கேட்டார். செய்யாது என்றார். “அப்ப என்னை இறக்கிவிடுங்கோ.” படகோட்டி கோபிக்கவில்லை. சுரங்கத்துக்குள் நடைபாதை இல்லாததால், அந்தக் காலத்தில் படகு இழுத்த குதிரைகளையும் இங்கே அவிழ்த்து மேட்டுக்கு மேலால்தான் நடத்திக்கொண்டு போனார்கள் என்று சொல்லிக் கரையோடு சேர்த்தார். “குதிரைக்குச் சரியெண்டா எனக்கும் சரி,” என்று அக்கா இறங்கினார். நானும் கூட இறங்கினேன்.

மேலே தெருவில் வழக்கமான ஞாயிற்றுக்கிழமை. சந்தையில் தக்காளியை அமுக்கிப் பார்த்து, “எங்கட கடையில இதைவிட நல்லது,” என்று அக்கா முகத்தைச் சுழித்தார். பிறகு திடீரென்று நின்று தார்த் தெருவைக் குனிந்து பார்த்தார். “எங்கட ஆக்கள் இப்ப இதுக்குக் கீழதான் போய்க்கொண்டிருப்பினம், என்ன? எங்களுக்குத் தெரியேல்லை. சத்தமும் கேக்கேல்லை. ஆனா மற்றப் பக்கத்தால வருவினம்.” யாரைச் சொல்கிறார் என்று எனக்கு விளங்கியது. “ஓம் அக்கா,” என்றேன்.

மறு வாயிலில் போய் நின்றோம். முதலில் மஞ்சள் வெளிச்சம், பிறகு எஞ்சின் சத்தம், அதோடு எங்கள் ஆட்களின் பாட்டு. வெளிச்சத்துக்கு வந்து எங்களைக் கண்டதும் பாட்டு நின்றது. எல்லோரும் அக்காவின் கையையே பார்த்தார்கள். அவர் இல்லையென்று தலையை ஆட்டினார். “பாட்டை ஏன் விட்டனீங்கள்? பாடுங்கோ. ரோல்ஸ் ஏதும் மிச்சமிருக்கோ?”

அந்த அழைப்பு வரவேயில்லை. வேறு தொலைபேசி வாங்கினார், வேலையும் மாறினார், இந்தப் பழையதையும் இதன் எண்ணையும் மட்டும் விடவில்லை. போன மாரியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இதை என் கையில் வைத்து, “அவன் கோல் எடுத்தா, நான் செத்துப்போனன் எண்டு உடன சொல்லிப்போடாதை, பயந்துபோவான்,” என்றார். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் அவரே சொல்லித் தந்தார்.

இந்தக் கோடையில் முதலாளி மறுபடி எல்லோரையும் அதே கால்வாய்க்குக் கூப்பிட்டார். பண்டகசாலைகள் எல்லாம் கண்ணாடி வைத்த வீடுகளாகிவிட்டன. அக்கா இருந்த இடத்தில் வேறு யாரோ இருந்தார்கள். என்னால் அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை. சுரங்கம் வந்ததும் நான் இறங்கினேன். தனியாக நடந்தேன், தொலைபேசி கையில். மறு வாயிலில் படகு வெளியே வந்தபோது பழைய ஆட்கள் பேச்சை நிறுத்தி என் கையைப் பார்த்தார்கள். நானும் இல்லையென்று தலையை ஆட்டினேன். அந்தத் தம்பியின் குரல்கூட எனக்குத் தெரியாது. ஆனாலும் வழி நெடுக அக்கா தந்த வசனத்தைத்தான் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தேன்: “அக்கா கடைக்குப் போயிருக்கிறா தம்பி. வச்சிடாதையுங்கோ, இப்ப வந்திடுவா.”