நோய்க்குப் பெயர் கேட்ட அம்மா

எண்பதுகளில் ராஜபாளையத்தில் நான் மனநல மருத்துவம் பார்த்தபோது, சேத்தூரிலிருந்து ஓர் அம்மா பேச்சு நின்றுபோன மகளைக் கூட்டிவந்தார். சிறுமியின் கழுத்து நிறைய மந்திரித்த கயிறுகள். அவளிடம் எதைக் கேட்டாலும், முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்தபடி அம்மாவே பதில் சொன்னார்.

"எப்ப இருந்து பேசல?"

"அவ சித்தப்பா எங்க வீட்டோட வந்து தங்குனதுல இருந்து. பாவம், இவளுக்காக எம்புட்டு அலையுதாவ! இந்தா, வெளியதான் நிக்காவ."

அதைக் கேட்டதும் சிறுமி நாற்காலியில் ஒடுங்கிப்போனாள்.

"மொதல்ல அவர வீட்ட விட்டு அனுப்புங்கம்மா" என்றேன்.

அம்மா கொதித்துவிட்டார். "நோவுக்குப் பேரச் சொல்லுங்கன்னா, வீட்டு மனுசனக் கையக் காட்டுதீகளே!"

என் தடித்த புத்தகங்களில் எத்தனையோ பெயர்கள் இருந்தன. ஒன்றும் அவருக்கு உதவாது.

வாசலில், "ஏட்டி, சித்தப்பா கையப் பிடிச்சுக்கோ" என்று மகளை அதட்டிக்கொண்டே போனார்.