சாவியும் மடையும்

உள்ளங்கை நீளத்தில், உப்புக்காற்றில் துருவேறிய இரும்புச் சாவி. சுனாமிக்கு அடுத்த ஆண்டு எங்கள் வீடு பூட்டப்படவே இல்லை. வீட்டுச்சாவி சித்தப்பாவின் பின்னாலேயே அலைந்தது. உப்பளத்தில் அவர் விறைத்து விழுவார், கைகால் இழுக்கும், "இரும்பக் குடு, இரும்பக் குடு!" என்று யாராவது கத்துவார்கள். அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக்கொண்டே ஓடுவாள்.

சித்தப்பா, அப்பாவின் தம்பி. நாற்பது வயதிலும் எதையும் மெதுவாகத்தான் விளங்கிக்கொள்வார். பேச்சு மூன்று நான்கு சொல்லைத் தாண்டாது. உப்பு வாரும் பலகைதான் அவருக்கு உயிர். "விழறது நிக்கட்டும். உப்புத்தண்ணியில குப்புற விழுந்தா யாரு பதில் சொல்றது?" என்று அளத்துக்காரர் அந்தப் பலகையை வாங்கி வைத்துவிட்டார். சித்தப்பா வரப்பில் உட்கார்ந்து வெறுங்கையைப் பார்த்துக்கொண்டிருப்பார். ஐயோ, அந்த வெறுங்கை.

புதுச்சேரி டாக்டர் தலைக்கு டெஸ்ட் எடுத்துப் பார்த்தார். "இது காக்கா வலிப்பு இல்லைங்க. நடிப்பும் இல்ல. சொல்லத் தெரியாத பயம், உடம்பு வழியா வருது. மாத்திரை வேணாம், பேசணும்."

"அவன் வெச்சிருக்கறதே நாலு வார்த்தை. அதுல என்னத்தைங்க பேசறது?" என்றார் அப்பா.

பேசுவதற்கு டாக்டர் அனுப்பிய மனநல ஆலோசகர் மேடம் ஆஸ்பத்திரி அறைக்குள் உட்காரவில்லை. முதல் நாள் அங்கே சித்தப்பா மின்விசிறியையே பார்த்தார். அதனால் வாரம் ஒருமுறை எங்கள் ஊரான மரக்காணத்துக்கே பஸ் ஏறி வந்து, குடையோடு வரப்பில் அவர் பக்கத்தில் அமர்ந்தார். சின்னக் கேள்வி ஒன்று, பிறகு காத்திருப்பு. "டீ சாப்ட்டியா மேடம்?" என்பதே பல வாரம் பதில்.

ஒருநாள் பக்கத்துப் பாத்திக்கு மடை திறந்தார்கள். தண்ணீர் சலசலத்தது. சித்தப்பா விறைத்தார். சாவியோடு ஓடிய அம்மாவைக் கையமர்த்திவிட்டு, மேடம் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டே இருந்தார். இழுப்பு அடங்கியது. "என்ன சத்தம் கேட்டுச்சு?"

சித்தப்பா மடைப்பக்கம் கையை நீட்டினார். "கடல் வந்துச்சு. நான் மடைய மூடல."

சுனாமி வந்த அன்று காலை அப்பாதான் மடையை மூடிவிட்டு வரச் சொல்லியிருந்தார். மூடுமுன் அலை வந்துவிட்டது. தன்னால்தான் கடல் உள்ளே வந்தது என்று ஓர் ஆண்டாகச் சுமந்திருக்கிறார். அவர் பயப்படுவாரே என்று நாங்களோ அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

"டேய், கடலை மூட ஏதுடா மடை?" அப்பா உடைந்து அழுதார். சித்தப்பா தலையை மட்டும் ஆட்டினார். நம்பவில்லை. சொன்னால் போதாது என்று மேடத்துக்குத் தெரிந்திருந்தது. மாலைதோறும் சித்தப்பாவே எங்கள் பாத்தியின் மடைப்பலகையை இறக்க வேண்டும், "மூடிட்டேன்" என்று உரக்கச் சொல்ல வேண்டும், கூட நிற்பவர் பார்த்துச் சொல்ல வேண்டும்: "மூடிட்டீங்க."

விழுவது மெல்லக் குறைந்தது. முழுக்க நின்றது என்று சொல்ல மாட்டேன். அடுத்த உப்புக் காலத்தில் அளத்துக்காரரே உப்பு வாரும் பலகையை நீட்டினார்: "ஏம்பா, புடி. என் மடையையும் சேத்து மூடிட்டுப் போ."

இப்போது அந்தச் சாவி சித்தப்பாவின் இடுப்புக் கயிற்றில் தொங்குகிறது. எல்லோரும் வெளியூர் கிளம்பினால் கடைசியாக வெளியே வருபவர் அவர்தான். பூட்டுவார், இழுத்துப் பார்ப்பார், என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

"மூடிட்டேன்."

பஸ் வந்து நின்றிருந்தாலும், பூட்டை நானும் ஒருமுறை தொட்டுவிட்டுத்தான் சொல்வேன்.

"மூடிட்டீங்க சித்தப்பா."