இடது காலின் கோடு

அன்று அந்தப் பயிற்சி அறையில் இருந்தது மூன்றே பேர்: பக்கவாதத்தில் இடது கால் சோர்ந்துபோன நான், என் மனைவி, பயிற்சி கொடுக்கும் பெண்.

நான் ஒரு தட்டின் மேல் நிற்க வேண்டும். எந்தக் காலில் எவ்வளவு ஊன்றுகிறேன் என்று எதிரே இருந்த திரை இரண்டு பச்சைக் கோடுகளாகக் காட்டும். இரண்டும் சமமாக நின்றால்தான் ஜார்ஜ் டவுன் பாசாரில் என் காய்கறிக் கடைக்குத் திரும்பலாம் என்றிருந்தார்கள். ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு அது பரீட்சைத் தாள் போலவே தெரிந்தது. விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில் இடது கோடு எழும்பவே இல்லை. அதனால் அன்று கடைத் தராசின் இரண்டு கிலோ எடைக்கல்லை இடது பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனேன்.

தட்டில் ஏறி நின்றதுமே, "பாக்கெட்ல என்னண்ணே?" என்று அந்தப் பெண் கேட்டாள். எடுத்துக் காட்டினேன்.

"கடையிலயும் இப்படித்தான் நிறுப்பீங்களா?"

"இருபது வருஷமா அப்படித்தான்லா," என்றாள் இடப்பக்கம் நின்ற மனைவி.

எனக்குச் சுருக்கென்றது. "யாருக்கு நான் குறைச்சுப் போட்டேன், சொல்லு?" என்று அவள் பக்கம் சாய்ந்தேன். விழும் பயம் நினைவுக்கே வரவில்லை.

"அண்ணே, அப்படியே நில்லுங்க. ரெண்டு கோடும் சமமா இருக்கு," என்றாள் அந்தப் பெண். "அக்கா, நீங்க விடாம திட்டுங்க."

அடுத்த வாரமே காலையில் இரண்டு மணி நேரம் கடையில் நிற்க அனுமதி கிடைத்தது, மனைவியும் கூட நிற்க வேண்டும் என்ற நிபந்தனையோடு.