கொழுந்தன் மனைவிக்குப் பதிவு

என் கொழுந்தன் கத்தாரில் வேலை பார்த்த இடத்தில் ஒரு பெண்ணை விரும்பினான். அவள் ஊரான மன்னாருக்கே போய் நிக்காஹ் முடித்து, எங்கள் கோட்டைப்பட்டினத்துக்குக் கூட்டி வந்தான். கத்தார் வேலையையும் விட்டுவிட்டு, மீன் ஏற்றும் வேன் ஓட்டிப் பிழைத்துக்கொள்வதாகச் சொன்னான். என் கணவர் சவூதியில். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவார்.

வந்தவள் இலங்கைக்காரி என்பதால், அவள் இங்கே தங்குவதைப் புதுக்கோட்டை எஸ்.பி. அலுவலகத்தில் பதிய வேண்டும். நெடுநாள் தங்குகிற வெளிநாட்டுக்காரர்களுக்கு அதுதான் சட்டம். கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் போடுவது, போட்டோ சரியில்லை என்று அது திரும்பி வருவது, மறுபடி போடுவது என்று கொழுந்தன் அவளோடேயே திரிந்தான். பைக்கில் ஏறியதும் திரும்பி, வெயில் படாமல் அவள் தலையில் துப்பட்டியை இழுத்து விடுவான். நான் அடுப்படி ஜன்னலில் நின்று பார்ப்பேன்.

"ஊரு விட்டு ஊரு வந்த புள்ள, பாவம்" என்று மாமியார் அவளுக்கு மட்டும் நண்டை உடைத்துச் சதையை எடுத்து வைப்பார். நான் மணமேல்குடியிலிருந்து வந்தவள். எனக்கு யாரும் நண்டு உடைத்ததில்லை.

ஒருநாள் மதியம் ஸ்டேஷனிலிருந்து ஒரு பெண் போலீஸ் விசாரணைக்கு வந்தார். வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன்.

"ரெண்டு பேரும் சேர்ந்துதான் இருக்காங்களாம்மா? விசாவுக்காகப் பண்ணுன கல்யாணம் இல்லையே?"

தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இன்னும் கொஞ்ச நாள் அலைய விடுவார்கள். ஆனால் அந்த அலைச்சலும் இருவரும் சேர்ந்து அலைவதாகத்தானே இருக்கும்! அந்த நினைப்பே எனக்குச் சுட்டது.

"ஒருத்தர விட்டு ஒருத்தர் இருக்கமாட்டாங்க மேடம். ஒரே தட்டுலதான் சாப்புடுறாங்க" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டு போனார். நான் சொன்னது அத்தனையும் உண்மை. சொல்லத்தான் பிடிக்கவில்லை.

வீட்டு வரி ரசீது என் கணவர் பெயரில் இருந்ததால், வீட்டுக்காரர் சார்பில் நானும் புதுக்கோட்டைக்குப் போக வேண்டியதாயிற்று. அதிகாரி பாஸ்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே கொழுந்தனிடம் கேள்விகள் கேட்டார். மனைவியின் தாயார் பெயர் என்ன, மனைவி எதுவரை படித்தவள், உடம்பில் அடையாளத் தழும்பு உண்டா. அவன் யோசிக்கவே இல்லை.

"எடது முழங்கைக்குக் கீழ இருக்கு சார். சின்னப்புள்ளயில மாதுள மரத்துலேர்ந்து விழுந்துருச்சு. தையல் போட்டப்பக்கூட அழுகலயாம், அவங்க வாப்பா சொன்னாரு."

"தழும்பு எங்கன்னுதான் தம்பி கேட்டேன்" என்றார் அதிகாரி. அறையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். அவள் துப்பட்டியால் வாயை மூடிக்கொண்டாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கணவருக்குப் போன் போட்டேன்.

"என் ஒடம்புல அடையாளம் எங்க இருக்கு, சொல்லுங்க."

"ஏன், போலீசுல கேட்டாங்களா? ஆதாருல இருக்கும், பாரு."

"ஆதாருல அதெல்லாம் இருக்காது."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "என்னயும் அங்கிட்டுக் கூட்டிட்டுப் போங்களேன்" என்றேன்.

"இங்க வந்தா நீதான் வெளிநாட்டுக்காரி. இக்காமா கார்டு, அதுக்குப் பீசு, ரினிவலுன்னு ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்கணும். யாரால முடியும்?"

உங்க தம்பியால முடியுதே என்பது நாக்கு வரை வந்தது. டூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டார்.

பதிவு கிடைத்தது. அவள் வட்டிலப்பம் செய்து தெருவுக்கே கொடுத்தாள். எனக்குத் தனியாக ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தாள். வயிறு சரியில்லை என்று சொல்லி அதை மாமியாரிடம் நகர்த்தினேன்.

மழைக்காலத்தில் அவளுடைய வாப்பா மௌத்தாகிவிட்டார். காலையில் செய்தி வந்தது. சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் அங்கே அடக்கம் முடிந்துவிட்டது. போனில் பார்த்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

"ராத்தா, உங்கட வாப்பா எங்க இருக்கிறார்?" என்று கேட்டாள்.

"அத்தா மணமேல்குடியில."

"நினைச்சவுடன போய்ப் பார்க்கலாம், என்ன?"

"பஸ் ஏறுனா போயிரலாம்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அடையாளம் கண்டுகொள்ள எனக்கு நேரமாகவில்லை. இத்தனை மாதமாக நான் அவள்மேல் வைத்திருந்தது அதுதான்.

அதற்குள் கொழுந்தன் வேனைப் போட்டுவிட்டு ஓடி வந்தான். அவள் காலடியில் உட்கார்ந்து, தண்ணீர் டம்ளரை அவள் வாயருகே பிடித்தான். எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. துக்க வீட்டில் அப்படி இருக்கக் கூடாது என்று தெரியும். தெரிந்தும் எரிந்தது.

திருச்சியிலிருந்து இருவரும் விமானத்தில் போனார்கள். நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்து திரும்பினார்கள். மறுநாள் காலையிலேயே, வந்து சேர்ந்ததைத் தெரிவிக்கப் புதுக்கோட்டைக்குக் கிளம்பினார்கள்.

"வாறீங்களா ராத்தா?" என்று கேட்டாள்.

வேலை இருக்கிறது என்றேன். வேலை ஒன்றும் இல்லை. அவர்கள் பஸ் போன பிறகு, எதிர்ப்பக்கம் நின்று மணமேல்குடி பஸ்ஸில் ஏறி, அத்தாவைப் பார்த்துவிட்டு வந்தேன்.