மார்கழியில் வரும் உயிர்

பட்டாளத்தில் காலைக் கொடுத்துவிட்டு ஊனப் பென்ஷன் வாங்குவதும் ஒரு வேலைதான். அதில் ஒரு பங்கைப் பிள்ளைக்கு ஜீவனாம்சமாகக் கட்டுவது அந்த வேலைக்குள் இன்னொரு வேலை. என்னைப் போலக் கோர்ட்டுப் படி ஏறிய அப்பன்மார்களுக்குச் சொன்னால் புரியும்.

காலுக்கு ஈடு

எனக்குப் பிந்தித்தான் கல்யாணம், ஆனால் சீக்கிரமே பிரிவு. மகளை அவள் அம்மா மலையிலேயே தன் பிறந்த ஊர்ப்பக்கமான வளப்பூர் நாட்டுக்குக் கூட்டிப் போய்விட்டாள். ஊனப் பென்ஷன் சம்பளமல்ல, காலுக்கு ஈடாகச் சர்க்கார் தருவது, அதில் யாருக்கும் பங்கில்லை என்று என் வக்கீல் வாதாடினார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கட்டைக்காலைக் கழற்றிக் காட்டட்டுமா என்று கேட்டேன். ஜட்ஜம்மா வேண்டாமென்று கையமர்த்திவிட்டுக் கேட்டார்: "அந்தக் கால் இருந்திருந்தா யாருக்காக ஓடியிருக்கும்?"

செம்மேட்டுச் சந்தை

முதலில் பணத்தை நானே சந்தை நாளில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொள்ள என் மச்சினன் வருவான்; கூடவே மகளும் வருவாள். டீக்கடை பெஞ்சில் பன் தின்றுகொண்டே என் கட்டைக்காலைத் தட்டி, உள்ளே யாரு என்று கேட்பாள். அதற்காகவே மாதம் பிறக்கக் காத்திருப்பேன்.

அது மச்சினனுக்குப் பொறுக்கவில்லை. பேங்கிலேயே பிடித்து அனுப்பும்படி ஆர்டர் வாங்கிவிட்டான். இன்றைக்கும் அவன் பஸ்ஸில் ஏறினால் நான் இறங்கி மேட்டில் நடந்துதான் போவேன். அன்று அவன் சொன்னது: "ஒத்தக் காலோட எதுக்கு மாமா அலையறீங்க, ஊட்டுலயே இருங்க."

உயிர்வாழ் சான்று

பென்ஷன்காரன் வருஷா வருஷம் பேங்குக்குப் போய், உயிரோடு இருக்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பென்ஷன் நிற்கும். மகளுக்குப் போவதும் நிற்கும். ஒரு வருஷம் காய்ச்சலில் படுத்துப் போகாமல் விட்டேன். மார்கழியில் போன் வந்தது. அம்மா கேட்கச் சொன்னாளாம். "அப்பா, உயிரோட இருக்கீங்களா?" என்றாள் மகள். சந்தைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் குரலைக் கேட்டேன்.

அப்புறம் வருஷந்தோறும் வேண்டுமென்றே தாமதித்தேன். நின்ற பணம் பின்னால் சேர்ந்து வந்துவிடும், போனும் வந்துவிடும். பேங்குக்காரப் பெண்ணுக்குத்தான் சந்தேகம்: "எல்லாரும் ஐப்பசியிலயே வந்துடறாங்க. உங்களுக்கு மட்டும் மார்கழியிலதான் உயிர் வருதுங்களா?"

பதினெட்டு

போன தையில் மகளுக்குப் பதினெட்டு முடிந்தது. கோர்ட்டு ஆர்டரும் அதோடு முடிந்தது. இனி முழுப் பென்ஷனும் எனக்கே என்றார்கள். டீக்கடைக்காரர் கெடா வெட்டச் சொன்னார். நான் டீக்குக் காசை வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். இனித் தாமதித்து யாரைக் கூப்பிட வைப்பது? இந்த ஐப்பசியில் முதல் ஆளாய்ப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மார்கழியில் மிளகுக்கொடியைக் கட்டிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பென்ஷன் நிற்கவில்லை, எல்லாம் சரியாக இருக்கிறது, அம்மாவிடம் சொல்லிவிடு கண்ணு என்றேன்.

"அம்மா கேக்கச் சொல்லலீங்கப்பா. மார்கழி பொறந்துடுச்சு, இன்னும் நான் கேக்கலியேன்னுதான். உயிரோட இருக்கீங்களா?"

ஆக, இந்த வருஷம் நான் உயிரோடிருப்பதை இரண்டு இடத்தில் சொல்லியாயிற்று. மச்சினனிடம் சொல்வதாக மட்டும் இல்லை.