கையக்காவின் சந்தேகம்

மோதிரத்தைக் கழற்றிப் பைக்குள் போடுகிறார், வளையலையும்தான். கறுப்புச் சட்டையின் கைகளை மடித்துவிட்டுக்கொண்டு, பிரார்த்தனைக் கூடத்து மேடையின் ஓரத்தில் ஏறி நிற்கிறார். "கைதாங்க தெரியணும், நான் தெரியக் கூடாது" என்பார். முன்வரிசையில் காது கேளாதவர்கள் ஏழு பேர். பேச்சாளர் சொல்வதை அவர்களுக்குச் சைகையில் சொல்வதும், அவர்கள் சைகையில் கேட்பதை வாய்விட்டுச் சொல்வதும் இவர் வேலை. எல்லாருக்கும் இவர் கையக்கா.

வார நாட்களில் ஆஸ்பத்திரியிலும் கோர்ட்டிலும் இதே பிழைப்பு. வீட்டிலோ, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சுவருக்குச் சைகை காட்டிக்கொண்டிருப்பார். "பக்கத்து வீட்டுச் சண்டையக்கூட கை தானா சொல்லிடுது, என்ன பண்றது?" என்று சிரிப்பார். வேலையில் மட்டும் படு கறார். "சொன்னதச் சொல்லணும். மேல ஒரு உப்புக்கல்லு போடக் கூடாது."

வியப்புக்கு அவர் கை விரிகிறது, சந்தேகத்துக்கும் விரிகிறது. "நம்பவே மாட்டேன்னு சொல்றப்பதாங்க மூடும்" என்று ஒருநாள் செய்து காட்டினார். பக்தியைப் பற்றி நான் படித்த தடித்த புத்தகங்களில் இவ்வளவு தெளிவு இல்லை.

போன வாரம் புதிதாக வந்த பேச்சாளர், "சந்தேகப்படுகிறவர்களின் வேண்டுதல் மேலே போய்ச் சேராது" என்றார். கையக்கா அப்படியே சொன்னார். முன்வரிசையில் இருந்த தையல்காரப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. அவளுடைய ஆறு வயது மகள் ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். உட்கார்ந்தபடியே, மடிக்கு மேலே, அவள் கைகள் ஏதோ கேட்டன. பேச்சாளர் குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். கையக்கா, தொழில் முறைப்படி, 'அவங்க கேக்கறாங்க' என்று சொல்லாமல் அவளாகவே மாறிப் பேசினார்.

"எனக்குச் சந்தேகம் வருது. புள்ள பொழைப்பாளான்னு தினமும் வருது. அதனாலதான் அவளுக்குக் குணமாகலையா?"

பேச்சாளர் நிமிர்ந்து கையக்காவைப் பார்த்தார். "மேடையில நிக்கிற நீங்களே இப்படிச் சந்தேகப்படலாமாம்மா?" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

"நான் இல்லீங்க, அவங்க" என்று விரலை நீட்டியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். கூடம் மொத்தமும் அந்தத் தாயைத் திரும்பிப் பார்த்திருக்கும்.

"வருதுங்களே ஐயா" என்றார் கையக்கா. "வந்தாலும் வேண்டிக்கிட்டுத்தான் இருக்கேன். நிறுத்தல."

பேச்சாளர் நீளமாகப் பதில் சொல்லத் தொடங்கினார். அதைச் சைகையில் சொல்ல மேடையில் ஆள் இல்லை. கையக்கா இறங்கி வந்து, தையல்காரப் பெண்ணின் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டு, பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.